தொண்ணூற்றெட்டு

மார்ச் 3

அண்ணிக்கு வணக்கம்.

நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் குட்டியும் நலம் என்று எழுதினால் அடுத்த வரியிலேயே அது பொய்யாகிவிடும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் தம்பி ஆஸ்பத்திரியில் இருக்கிறார். தீவிர சிகிச்சைப் பிரிவு, ஆறாம் கட்டில். காய்ச்சலோடு மாத்திரை போட்டுக்கொண்டு இரண்டு நாள் வேலைக்குப் போனார். மூன்றாம் நாள் மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு நுரையீரலிலும் நிமோனியா என்கிறார்கள். நாலு நாளாக வாயில் குழாய். அவருக்காக மெஷின் மூச்சு விடுகிறது. மயக்க மருந்தைக் குறைக்கும்போது கண் திறக்கிறார், என்னைத் தெரிகிறது. குழாயைப் பிடுங்கிவிடுவார் என்று இரண்டு கையையும் துணியால் கட்டிலோடு கட்டியிருக்கிறார்கள்.

உங்கள் முகவரி அவர் பெட்டியில் ஒரு பழைய கவரின் பின்னால் கிடைத்தது. போன் நம்பர் எங்கும் இல்லை. மூன்று வருஷமாக நீங்கள் இரண்டு பேரும் பேசவில்லை என்பதும் அதற்குக் காரணம் நான் என்பதும் எனக்குத் தெரியும். தாயில்லாத பிள்ளையை வளர்த்த அக்காவுக்குச் சொல்லாமல் நாங்கள் கல்யாணம் செய்துகொண்டது தப்பு. திட்ட வேண்டுமானால் பிறகு திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் அந்த ஊரில் இதே மாதிரி வார்டில் நர்ஸாக இருக்கிறவர். நான் படித்தது வணிகவியல். நெஞ்சைப் பற்றி அதில் ஒரு பாடமும் வரவில்லை. கட்டிலுக்கு மேலே ஒரு திரை. பச்சையில் ஒரு நம்பர், நீலத்தில் ஒரு நம்பர். ஆள்காட்டி விரலில், துணி காயப்போடும் கிளிப் மாதிரி ஒன்றை மாட்டியிருக்கிறார்கள், உள்ளே சிவப்பாக எரிகிறது. நீல நம்பர் தொண்ணூறுக்குக் கீழே இறங்கினால் மெஷின் கத்துகிறது, எல்லாரும் ஓடி வருகிறார்கள். நான் கேட்டால், "ஒண்ணுமில்லம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்கிறார்கள். எந்த நம்பரைப் பார்க்க வேண்டும் என்று மட்டுமாவது எழுதுங்கள்.

குட்டிக்கு எட்டு மாதம். காது அப்படியே உங்கள் தம்பி காது.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி


மார்ச் 8

தம்பி மனைவிக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நலம். விசாரித்ததற்கு நன்றி. மூன்று வருஷத்தில் அந்த வீட்டிலிருந்து வந்த முதல் விசாரிப்பு இது.

அழுது பக்கம் பக்கமாக எழுதாதே. நம்பரை எழுது. ஒரு நோட்டு வாங்கிக் கோடு போட்டுக்கொள். பச்சை, நெஞ்சில் ஒட்டியிருக்கும் பட்டைகளிலிருந்து வரும் இதயத் துடிப்பு. நீலம், ரத்தத்தில் ஆக்சிஜன் நூற்றுக்கு எவ்வளவு என்பது. நீலத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இன்னொரு நம்பர் இருக்கும். அதையும் எழுது. அது எதற்கு என்று கேட்காதே, எழுது. கடைசியாக, அவன் நெஞ்சைப் பார்த்து ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணி எழுது.

காய்ச்சல் இறங்கியதும் காலையில் அரைமணி நேரம் மெஷினின் உதவியைக் குறைத்து அவனையே மூச்சு விட வைத்துப் பார்ப்பார்கள். நீலம் தொண்ணூறுக்கு மேல் நின்று, மூச்சும் முப்பத்தைந்தைத் தாண்டாமல் இருந்தால்தான் குழாயை எடுப்பார்கள். நீலத்தை மட்டும் பார்த்துவிட்டுக் குதிக்காதே. களைத்துப் போகிறவனுக்கும் அது கொஞ்ச நேரம் அழகாகத்தான் இருக்கும்.

என் போன் நம்பரைக் கீழே எழுதியிருக்கிறேன். நீ போடாதே. அந்த வீட்டிலிருந்து எனக்குக் கேட்கும் முதல் குரல் அவன் குரலாக இருக்க வேண்டும். குழாயை எடுத்த அன்றைக்குப் போட்டு அவனிடம் கொடு. அதுவரைக்கும் தபால் போதும்.

நேரத்துக்குச் சாப்பிடு. பால் கொடுக்கிறவள் பட்டினி கிடந்து யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

அவன் அக்கா


மார்ச் 13

அண்ணிக்கு வணக்கம்.

உங்கள் கால் வீக்கம் எப்படி இருக்கிறது? நின்றே வேலை செய்து உங்களுக்குக் கால் வீங்கும் என்று இவர் சொல்லியிருக்கிறார். எனக்கு ஒன்றுமில்லை. குட்டியைக் கீழ்வீட்டு டெய்லரம்மாவிடம் விட்டுவிட்டு வருவதால் நேரத்துக்குக் கொடுக்க முடியாமல் பால் கட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கோடு போட்டேன். டாக்டர் பார்த்துவிட்டு, "என்னம்மா, என்னை ஆடிட் பண்ண வந்திருக்கீங்களா?" என்றார். சிரித்தாரா, முறைத்தாரா என்று தெரியவில்லை.

காய்ச்சல் போய்விட்டது. இரண்டு தடவை மூச்சுப் பரீட்சை வைத்தார்கள். அந்த நேரத்தில் மட்டும் என்னை உள்ளே விடுகிறார்கள், நான் பக்கத்தில் இருந்தால் இவர் பதறாமல் இருக்கிறாராம். காலை டியூட்டியில் ஒரு சின்னப் பெண் இருக்கிறாள், எல்லாரும் சின்ன சிஸ்டர் என்று கூப்பிடுகிறார்கள். கைக்கட்டை அவிழ்த்து சிலேட்டைக் கொடுத்துவிட்டு, "அண்ணா, இன்னிக்குப் பாஸ் ஆகலைன்னா இம்போசிஷன்தான்" என்றாள். இவர் சிலேட்டில், "டீச்சர், வயிறு வலி" என்று எழுதினார். அவள் சிரித்த சிரிப்பில் பெரிய சிஸ்டர் எட்டிப் பார்த்து, "இது வார்டா, வகுப்பா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

முதல் பரீட்சை ஒன்பது நிமிடம். இரண்டாவது பத்தொன்பது நிமிடம். இரண்டு தடவையும் எண்பத்தெட்டுக்கு இறங்கி மெஷின் கத்தியது, நிறுத்திவிட்டார்கள். நோட்டுப் பக்கத்தைப் பார்த்து எழுதி இதோடு வைத்திருக்கிறேன்.

"இன்னொரு தடவை பார்ப்போம், முடியலைன்னா கழுத்துல துளை போட்டு அது வழியா குழாய் வெச்சிடலாம்" என்று டாக்டர் சொன்னார். இவர் காதில் விழுந்துவிட்டது. சிலேட்டில் வேண்டாம், வேண்டாம், வேண்டாம் என்று மூன்று தடவை. நான் கையைப் பிடித்துக்கொண்டு உங்கள் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். முதல் குரல் அவருடையதாக இருக்க வேண்டும் என்ற இடம் வந்ததும் கண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் போனது. துடைத்தேன். பிறகு எழுதினார்: "அக்காகிட்ட பேசணும். இதை எடுக்கச் சொல்லு."

அந்தச் சிலேட்டை நான் இன்னும் அழிக்கவில்லை.

உங்கள் தம்பி மனைவி


மார்ச் 18

அம்மாடி,

கடிதமும் நோட்டுப் பக்கமும் வந்தன. ஒழுங்காக எழுதியிருக்கிறாய். என் வார்டில் புதிதாகச் சேர்கிற பிள்ளைகள்கூட இவ்வளவு சுத்தமாக எழுதுவதில்லை. உடம்பைப் பார்த்துக்கொள். பால் கட்டினால் வெந்நீர் ஒத்தடம் கொடு, பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருக்காதே.

நம்பரைப் பார்த்தேன். அவன் இன்னும் தயாராகவில்லை. கழுத்தில் துளை போடலாம் என்றால் சம்மதித்துவிடு. பயங்கரமாகக் கேட்கும், ஆனால் அது அவனுக்கு ஓய்வு. நெஞ்சு தேறியதும் துளை தானாக மூடிக்கொள்ளும். குரல் மெதுவாக வரும், வரட்டும். நான் போனைப் பற்றி எழுதியது வீம்பு. மூன்று வருஷம் காத்தவளுக்கு மூன்று மாதம் பெரிசில்லை. அதை மறந்துவிடச் சொல் அவனை.

அவர்கள் குழாயை எடுக்கத்தான் போகிறார்கள் என்றால் இரண்டு விஷயம். ஒன்று, மணிக்கட்டில் ரத்தம் எடுத்துச் சோதிக்காமல் எடுக்க விடாதே. கிளிப் ஆக்சிஜனை மட்டும்தான் சொல்லும். வெளியே போக வேண்டிய கெட்ட காற்று உள்ளே தேங்குவதைச் சொல்லாது. இரண்டு, எடுத்த பிறகு அவனைப் பேச விடாதே. ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியாதவன் களைத்துக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினால் அந்த நிமிடமே ஆளைக் கூப்பிடு. கூச்சப்படாதே, கத்து.

குட்டியின் படம் ஒன்று அனுப்பு. காது தெரிகிற மாதிரி.

அண்ணி


மார்ச் 20

அன்புள்ள அண்ணி,

நீங்கள் நலமா என்று கேட்கவே தேவையில்லை. இன்று உங்கள் குரலில் தெரிந்துவிட்டது. இங்கே எல்லாரும் நலம்! பதினேழு நாள் கழித்து இந்தச் சொல்லை எழுதுகிறேன்.

மணி மூன்று. குட்டிக்குப் பால் கொடுக்க வந்தேன், திரும்பிப் போகிற வழியில் இதைப் பெட்டியில் போட்டுவிடுவேன். போனில் நீங்கள் அவரோடு பேசியதிலேயே நேரம் போய்விட்டது, நான் எதுவும் சொல்ல முடியவில்லை. பதினொரு நிமிடம் பேசியிருக்கிறீர்கள், போன் காட்டியது. அதனால் நோட்டுப் பக்கத்தை எழுதிவிடுகிறேன். ஒரு நாள்கூட விடாமல் எழுதியதை இன்று மட்டும் ஏன் விட வேண்டும்?

ஐந்தாம் நிமிடம்: நீலம் 95, பச்சை 112, பொடி 112, மூச்சு 26.
பன்னிரண்டு: நீலம் 92, பச்சை 118, பொடி 118, மூச்சு 31.
பதினெட்டு: நீலம் 90, பச்சை 124, பொடி 124, மூச்சு 35.
இருபத்துநான்கு: நீலம் 98, பச்சை 128, பொடி 96. மூச்சு எண்ணவில்லை.
இருபத்தெட்டு: நீலம் 98, பச்சை 128, பொடி 94. மூச்சு எண்ணவில்லை.

நடுவில் நாலாம் கட்டில்காரருக்கு இதயம் நின்றுவிட்டது என்று எல்லாரும் அங்கே ஓடினார்கள். சின்ன சிஸ்டரும் ஓடினாள். நான் இவரோடேயே இருந்தேன். அதற்குப் பிறகு நம்பர் தேறிவிட்டது. அவள் வியர்த்து வழியத் திரும்பி வந்து, திரையைப் பார்த்து, "அண்ணா, தொண்ணூத்தெட்டு! டிஸ்டிங்ஷன்!" என்று சொல்லிக்கொண்டே குறித்தாள். டாக்டர் திரைச்சீலையை விலக்கிப் பார்த்துவிட்டு, "எடுத்திடலாம்" என்றார். ரத்தம் சோதிக்கும் மெஷின் ரிப்பேராம், வேறு கட்டிடத்துக்கு அனுப்ப வேண்டுமாம், இந்த நம்பருக்கு அது தேவையில்லை என்றார். பதினொரு மணிக்குக் குழாயை எடுத்தார்கள்.

முதலில் என்ன பேசினார் தெரியுமா? "நோட்டை மூடு" என்றார். இரண்டாவது, "அக்கா".

குட்டி பாதிப் பாலில் தூங்கிவிட்டாள். கிளம்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி மனைவி


ஏப்ரல் 4

தம்பி மனைவிக்கு,

குழந்தை எப்படி இருக்கிறாள்? உன்னைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை. கேட்டால் நீயும் என்னைக் கேட்பாய்.

இருபத்துநாலாம் தேதி நீ போனில் சொன்னபோது நான் "சரி" என்று மட்டும் சொன்னேன். அதற்குப் பிறகு ஷிஃப்ட் முடியும்வரை வேலை பார்த்தேன். மூன்று பேரின் குழாயில் சளியை உறிஞ்சிச் சுத்தம் செய்தேன். லீவு கேட்கவில்லை. வந்து யாரைப் பார்ப்பது?

உன் இருபதாம் தேதிக் கடிதம் இங்கே வந்தபோது அவன் இல்லை. பிரிக்கவில்லை. அவன் இருக்கிறான் என்று எழுதியிருக்கிற காகிதத்தை இப்போது எப்படிப் படிப்பது? அலமாரியில் கிடக்கிறது.

அவன் குரல் காதிலேயே இருக்கிறது. "அக்கா... சாப்பிட்டியா... கால் வீக்கம்... எப்படி இருக்கு." இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு. சின்ன வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரே ஓட்டமாக ஓடிவந்து மூச்சு வாங்க வாங்கக் கதை சொல்வானே, அதே மாதிரி.

காலையில் குழாயை எடுத்தவர்கள் சாயங்காலம் ஐந்தரைக்கு மறுபடியும் போட்டார்கள் என்றாய். அதற்குள் அவன் நீலமாகிவிட்டான் என்றாய். பரீட்சையின்போது கட்டில் பக்கத்தில் யார் இருந்தது? நீலம் தொண்ணூற்றெட்டு என்று பார்த்துத்தான் எடுத்தார்கள் என்றாய், அதைக் குறித்தது யார்? தேறாதவனைத் தேறிவிட்டான் என்று எழுதியவளை நான் விடப் போவதில்லை. எல்லாவற்றையும் எழுதி அனுப்பு.

அவன் அக்கா


ஏப்ரல் 17

அண்ணிக்கு,

குழந்தை நன்றாக இருக்கிறாள். தவழ்கிறாள்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. நாலு தடவை தொடங்கிக் கிழித்துப் போட்டேன்.

உங்கள் மார்ச் பதினெட்டாம் தேதிக் கடிதம் இருபத்தோராம் தேதி காலையில் வந்தது. அவருக்கு மறுபடி குழாய் போட்ட மறுநாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று படித்தேன். கழுத்துத் துளைக்குச் சம்மதி என்று எழுதியிருந்தீர்கள். வெந்நீர் ஒத்தடம் என்றும். அதைப் படித்துவிட்டு எவ்வளவு நேரம் அங்கேயே நின்றேன் என்று தெரியவில்லை. வாட்ச்மேன் வந்து, "யம்மா, வழி விடுங்க, ஸ்ட்ரெச்சர் போகணும்" என்றார்.

குறித்தது சின்ன சிஸ்டர்தான். ஆனால் அவள் நல்ல பெண், அண்ணி. நடுவில் நாலாம் கட்டிலுக்கு ஓட வேண்டி வந்தது, மூச்சை எண்ண முடியவில்லை, ரத்தச் சோதனையும் தேவையில்லை என்று டாக்டர்தான் சொன்னார்; திரையில் இருந்ததைத்தான் அவள் குறித்தாள். இவரைக் குளிப்பாட்டிவிட்டு அனுப்பும்போது தனியாக நின்று அழுதாள். போனவர் திரும்பி வரப்போவதில்லை, புகார் எதற்கு?

இதற்கு மேல் எழுத முடியவில்லை.

உங்கள் தம்பி மனைவி


மே 9

தம்பி மனைவிக்கு,

இங்கே வெயில், வேலை, கால் வீக்கம். எல்லாம் வழக்கம்போல.

நல்ல பெண்ணாம். அழுதாளாம். நான் இருபது வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன், அழுகிற நர்ஸை நீ எனக்குக் காட்டாதே. பரீட்சை நடக்கும்போது கட்டிலை விட்டுப் போனாள். மூச்சை எண்ணவில்லை. ரத்தம் சோதிக்கவில்லையே என்று டாக்டரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தொண்ணூற்றெட்டு என்று குறித்துவிட்டுப் போய்விட்டாள். இதையெல்லாம் எழுதி அந்த ஆஸ்பத்திரி மேலதிகாரிக்கு அனுப்பினேன். என் வேலை, அனுபவம் எல்லாவற்றையும் கையெழுத்துக்குக் கீழே போட்டேன்.

பதில் வந்துவிட்டது. அவள் ஒப்பந்தத்தில் இருந்தவளாம். இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். டாக்டரைப் பற்றி ஒரு வரி இல்லை. எதிர்பார்த்ததுதான். அவளாவது போனாளே.

இத்தனை நாளில் நேற்றுத்தான் கொஞ்சம் தூங்கினேன்.

அவன் அக்கா


மே 31

அண்ணிக்கு,

சின்ன சிஸ்டர் வீட்டுக்கு வந்திருந்தாள். யூனிஃபார்ம் இல்லாமல் பார்த்ததில் முதலில் அடையாளம் தெரியவில்லை. குட்டிக்கு ஒரு கிலுகிலுப்பை கொண்டுவந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அக்கா, நீங்க பக்கத்துலயே இருந்தீங்க. திரையில தொண்ணூத்தெட்டு இருந்துச்சா இல்லையா? நான் இல்லாததைக் குறிச்சேன்னு சொல்றாங்க. எந்த ஆஸ்பத்திரியிலும் சேர்த்துக்க மாட்டேங்குறாங்க. இருந்துச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்கக்கா, போதும்."

"பார்க்கலாம்மா" என்றேன். தண்ணீர் கொடுத்தேன். குடித்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டே, "நோட்டுல கூட எழுதியிருப்பீங்களே?" என்று கேட்டாள்.

இருந்தது என்று நான் எழுதிக் கொடுத்தால் அது உண்மைதான். உண்மையை எழுதியும் அது பொய்யாக இருக்கும்.

அண்ணி, மார்ச் இருபதாம் தேதிக் கடிதத்தைப் பிரியுங்கள். நம்பர்களை மட்டும் படியுங்கள். நான் ஏன் கேட்கிறேன் என்று நீங்கள் படித்தால் தெரியும், உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

தம்பி மனைவி


ஜூன் 12

பிரித்தேன்.

பொடி எழுத்து நம்பர் எதற்கு என்று கேட்காதே என்று நான்தான் எழுதியிருந்தேன். இப்போது சொல்கிறேன். அது விரல் கிளிப் எண்ணுகிற நாடி. நெஞ்சில் ஒட்டிய பட்டை எண்ணுவதும் விரலில் மாட்டிய கிளிப் எண்ணுவதும் ஒரே இதயத்தை. பதினெட்டாம் நிமிடம் வரைக்கும் இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன: 112-112, 118-118, 124-124. இருபத்துநான்காம் நிமிடத்தில் நெஞ்சு 128, விரல் 96.

ஒரு உடம்பில் இரண்டு இதயம் துடிக்காது.

அந்தத் தொண்ணூற்றாறு யாருடையது?

நலம் விசாரிக்கவில்லை. பதில் மட்டும் எழுது.


ஜூலை 3

அண்ணி,

என்னுடையது.

பத்தொன்பதாம் நிமிடத்தில் எண்பத்தொன்பதாகி மெஷின் கத்தத் தொடங்கியது. எல்லாரும் நாலாம் கட்டிலில். இவர் என்னைப் பார்த்தார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது. அந்தப் பார்வையில் "வேண்டாம், வேண்டாம், வேண்டாம்" என்பது மட்டும்தான் தெரிந்தது. நிறுத்திவிட்டால் கழுத்தில் துளை போட்டுவிடுவார்கள். இன்னும் பதினொரு நிமிடம்தானே, குழாய் வெளியே வந்துவிட்டால் மீதியை அவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன். நினைத்தேன் என்று எழுதுவதுகூடச் சரியில்லை. கை போய்விட்டது. கிளிப்பைக் கழற்றி என் இடது கை விரலில் மாட்டிக்கொண்டேன். கத்தல் நின்றது.

போர்வைக்குள் என் கையும் அவர் கையும் ஒன்றாக இருந்தன. அவள் திரும்பி வந்தபோது நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்றுதான் நினைத்திருப்பாள். வலது கையால் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். நீங்கள் எல்லாவற்றையும் எழுதச் சொன்னீர்கள், எழுதினேன். பொடி நம்பர் என்னைக் காட்டிக்கொடுக்கும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. பரீட்சை முடிந்து மெஷினின் உதவியை மறுபடி கூட்டிய பிறகு கிளிப்பை அவர் விரலுக்கு மாற்றினேன். குழாயை எடுத்ததும் ஆக்சிஜன் மாஸ்க் போட்டார்கள், நம்பர் கொஞ்ச நேரம் நன்றாகவே இருந்தது. நீங்கள் எழுதியிருந்தீர்களே, அழகாகத்தான் இருக்கும் என்று.

அவர் மூச்சை அந்தப் பதினொரு நிமிடமும் நான் எண்ணவில்லை. எண்ணியிருந்தால் கழற்றியிருப்பேன்.

என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், நான் கேட்டுக்கொள்ள வேண்டியவள்தான். ஆனால் ஒன்று. உங்கள் இரண்டு கடிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். மார்ச் பதினெட்டு: இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினால் அந்த நிமிடமே ஆளைக் கூப்பிடு, கத்து. ஏப்ரல் நாலு: அவன் பேசினான், இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு, ஓடிவந்து கதை சொல்கிற மாதிரி.

அன்றைக்கு உங்கள் கடிதம் எனக்கு வந்து சேரவில்லை. அதை எழுதியவர் போனில் இருந்தார். பதினொரு நிமிடம், அண்ணி.

குட்டி எழுந்துவிட்டாள்.


ஜூலை 19

அம்மாடி,

தெரியும்.

முதல் "அக்கா"விலேயே தெரியும். இந்த வேலையில் பாதியைக் காதால்தான் செய்கிறேன். அந்தக் கணமே "போனை சிஸ்டரிடம் கொடு" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் மறுபடி குழாய் போட்டுவிடுவார்கள், குரல் போய்விடும். இன்னும் ஒரு வார்த்தை, இன்னும் ஒரு வார்த்தை என்று இருந்தேன். கால் வீக்கத்தைப் பற்றிக் கேட்டான், சொன்னேன். கல்யாணத்துக்குச் சொல்லாமல் விட்டது தப்புதான் அக்கா என்றான். அதற்கு அவனுக்கு ஆறு மூச்சு ஆனது. எண்ணினேன். எண்ணிக்கொண்டே "பரவாயில்லைடா, இன்னும் சொல்லு" என்றேன்.

அதை வைக்க எனக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. அந்தப் பெண் கிடைத்தாள்.

இதோடு அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் இருக்கிறது. நீ செய்தது ஒரு பத்தி, நான் செய்தது ஒரு பத்தி. அவள் திரையில் இருந்ததைத்தான் குறித்தாள், புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்று கடைசியில் எழுதியிருக்கிறேன். இரண்டு கையெழுத்துக்கு இடம் விட்டு ஒன்றில் போட்டுவிட்டேன். உன் நோட்டின் அந்தப் பக்கத்தையும் சேர்த்து நீயே கொண்டுபோய்க் கொடு. ஒரு பிரதியை அவள் வீட்டில் கொடு. வேலை திரும்பக் கிடைக்காது. எனக்குத் தெரியும் அந்த இடங்கள். நாம் இரண்டு பேரும் செய்ததைச் சொல்கிற ஒரு காகிதமாவது அவள் கையில் இருக்கட்டும். அவள் மன்னிக்க மாட்டாள், கேட்காதே.

இனி எனக்கு எழுத வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. உன் கையெழுத்தைப் பார்த்தால் நம்பர்தான் தெரிகிறது, என் கையெழுத்தைப் பார்த்தால் உனக்கும் அப்படித்தான் இருக்கும்.

குட்டிக்கு ஒரு வயதாகிவிட்டது. சீக்கிரம் பேசத் தொடங்குவாள். அப்போதும் என் நம்பருக்குப் போடாதே. போட்டால் எடுத்துவிடுவேன்.

அவன் அக்கா